வாய்தா நாளில் ஒரு கடத்தல்

வீட்டு வாசலில் நின்று கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலைக் கடத்தினார்கள்.

ஒரு கை மட்டும்தான் கோட்டுக்குள் போயிருந்தது. வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மொட்டைத் தலையனும் ஒரு மீசைக்காரனும் இறங்கினார்கள்.

"பாத்து ஏறுங்க சார், படி கொஞ்சம் உசரம்" என்று மொட்டை அவர் முழங்கையைத் தாங்கி உள்ளே ஏற்றினான். மீசை அவருடைய கேஸ் கட்டை வாங்கிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் வக்கீலுக்கே விஷயம் உறைத்தது.

"இது கடத்தல். என்ன செக்‌ஷன் தெரியுமா?" என்று அதட்டினார்.

"சொல்லுங்க சார்" என்றான் மீசை மரியாதையாக.

வக்கீல் யோசித்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சிவில் வழக்கு, சிவில் அப்பீல் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை.

"செக்‌ஷன் கிடக்கட்டும். உங்க ரெண்டு பேர் மேலயும் தடையாணை வாங்கிடுவேன். கிடைக்கலைன்னா அப்பீல் போவேன்."

"தாராளமாப் போங்க சார். நாளைக்குப் போங்க. இன்னிக்கு மட்டும் உங்களைக் கோர்ட்டுப் பக்கம் விடக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. இது அந்தத் தம்பியின் வேலை.

அன்று முடிய வேண்டியது ஓர் அக்கா தம்பி வழக்கு. அக்காவுக்குத் தையல்கடை, தம்பிக்கு ஹார்டுவேர் கடை. இரண்டுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. அது யாருடையது என்று கீழ்க்கோர்ட்டில் மல்லுக்கட்டினார்கள். அக்கா ஜெயித்தார். தம்பி அப்பீல் போட்டார். அப்பீலில் அக்காவுக்கு வக்கீல் இவர்.

போன வாய்தாவில், தம்பியின் வக்கீல் பேசி முடித்ததுமே நீதிபதி, "இந்த அப்பீலில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் நம் வக்கீல் எழுந்தார். கோர்ட் கலையும்வரை பேசினார். நீதிபதிக்கு அதுவரை தோன்றாத சந்தேகங்களையெல்லாம் தானே கிளப்பி, அதில் பாதிக்கு மேல் தானே பதிலும் சொன்னார். மீதிப் பதிலை இன்றைக்கு வைத்திருந்தார். வராந்தாவில் தம்பி தன்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தது இப்போது நினைவுக்கு வந்தது. பயல் மிரண்டுபோயிருக்கிறான்.

வேன் ஒரு கிடங்குக்குள் போய் நின்றது. வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வக்கீலுக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி. எதிரே மேசை விசிறி. கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வந்தது.

"என் வாதத்தைக் கேக்க உங்க முதலாளிக்கு தைரியம் இல்லை" என்றார் வக்கீல், டீயை உறிஞ்சியபடி.

"எங்களுக்குச் சட்டமெல்லாம் தெரியாது சார்" என்றான் மொட்டை. "ஆனா அந்தச் சந்து அக்காவோடதுதானே? தெருவுக்கே தெரியுமே."

"எப்படித் தெரியும்? அங்கதான் விஷயமே இருக்கு."

வக்கீல் எழுந்துவிட்டார். கேஸ் கட்டைப் பிரித்தார். தாள் பறக்காமலிருக்க மீசை விசிறியை நிறுத்தினான்.

உரிமை என்றால் என்ன, அனுபவம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். சந்தில் அக்கா துணி காயப்போட்டது உரிமையா, வெறும் பழக்கமா என்று கேட்டார். தம்பி அங்கே சைக்கிளை நிறுத்தியதை அக்கா பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார். தம்பியின் வக்கீலுக்கு இந்த பாயின்ட் தோன்றவே இல்லை என்று சிரித்தார். நடுநடுவே, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று மொட்டைக்குத் தலை வணங்கினார். மொட்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்கு வணங்கினான்.

மீசை தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "சார், அப்ப தம்பி பக்கமும் நியாயம் இருக்கும் போலிருக்கே?"

"காலையில கேட்டிருந்தா அக்காவோடதுன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்" என்றான் மொட்டை கவலையாக. "இப்ப அது முனிசிபாலிட்டி சந்தோன்னு தோணுது."

"அங்கதான் வரேன்" என்று வக்கீல் குஷியாகிவிட்டார். "அடுத்த பாயின்ட் என்னன்னா..."

மொட்டையின் போன் அடித்தது. கேட்டவன் பெருமூச்சு விட்டான்.

"தீர்ப்பு சொல்லியாச்சாம் சார். அப்பீல் தள்ளுபடி. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

வக்கீல் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் இல்லாமலா? யார் பேசினது?"

"உங்க ஜூனியர் பொண்ணுதானாம். கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு சரிதான், மேல சொல்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்களாம்."

வக்கீலின் முகத்தில் மெல்ல ஒளி வந்தது. "எல்லாம் போன வாய்தாவுல நான் போட்ட போடு. என்னைக் கடத்தியும் தோத்துட்டான் பாத்தியா? எங்கே உங்க முதலாளி? அந்த மூஞ்சியை நான் பாத்தே ஆகணும்."

"வந்துட்டாங்க சார். நேர்ல மன்னிப்புக் கேக்கணுமாம்."

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. குறுக்கு விசாரணைக்குத் தயாரானவர் போல வக்கீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், ஜட்ஜு என் பக்கம் இருக்கும்போதே தீர்ப்பை வாங்கிடறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை" என்று கைகூப்பியபடி உள்ளே வந்தார், தையல்கடை அக்கா.