ஆறு மணிக்கு எழும் கம்ப்யூட்டர்

“வந்துட்டியா கண்ணு?”

அம்சவள்ளி கறுத்துக் கிடந்த மானிட்டரைப் பார்த்துக் கேட்டதும் நர்மதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் பட்டனைத் தொடவில்லை. ஆனாலும் சரியாக மாலை ஆறு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் தானாக எழுந்து இரைய ஆரம்பித்திருந்தது. திரை மட்டும் இருட்டு. மேலே இருந்த கேமராவில் சின்னப் பச்சை விளக்கு.

நர்மதா கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். அவளைத் தியாகதுருகம் வரை வரவழைத்திருந்த தெய்வசிகாமணி, மனைவி அம்சவள்ளியின் காதில் விழாதபடி பேசினார்.

“எம்புள்ள இளஞ்செழியனோட கம்ப்யூட்டர்மா இது. வேற சாதிப் பொண்ணத்தான் கட்டுவேன்னு நின்னான். நீ செத்துட்டன்னு நெனச்சிக்கிறேன் போடான்னு சொல்லிட்டேன்.”

அதோடு வெளியே போனவன்தான். கல்வராயன் மலை அருவிப் பாறைமேல் அவன் பையும் சட்டையும் கிடந்தன. அன்று வெள்ளம், உடல் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

“ஆறு மாசமா தெனைக்கும் இதே நேரத்துல இது எழுந்துக்குது. புள்ளதான் வர்றான்னு இவ இதுங்கூட பேசிக்கினு உக்காந்துர்றா. சோறு தண்ணி இல்ல. எப்படியாவது நிறுத்துமா.”

நர்மதா கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போனாள். அங்கே இரண்டு நாளும் ஆறு மணிக்கு அது அசையவே இல்லை. பட்டனை அழுத்தினால் படமும் பளிச்சென்று வந்தது.

இருந்தாலும் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுசாகப் போட்டாள். கம்ப்யூட்டரை இயக்கித் தொடங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பழைய செட்டிங்குகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அதையும் அப்டேட் செய்தாள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே செத்துவிடும். முடியும்வரை அவள் மூச்சே விடவில்லை.

மூன்றாம் நாள் வீட்டில் கொண்டுவந்து எல்லா ஒயரையும் பழையபடி மாட்டினாள். ஆறு மணி அடித்தது. சத்தமே இல்லை.

“அப்பாடா, ஒழிஞ்சிது!” என்றார் தெய்வசிகாமணி.

அம்சவள்ளி காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். “இன்னாம்மா பண்ண நீ? எம்புள்ள வர்ற வழிய அடச்சிட்டியே!”

அந்த அழுகையை நர்மதாவால் தாங்க முடியவில்லை. செல்போனில் எடுத்த படத்தையும் இப்போதைய செட்டிங்கையும் வரிவரியாக ஒப்பிட்டாள். ஒரே ஒரு வரி மாறியிருந்தது. வீட்டு இன்டர்நெட் ஒயர் வழியாக ஆணை வந்தால் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதி அது; அதனால்தான் கடையில் அது எழவில்லை. அப்டேட்டில் அணைந்துவிட்டது. முன்பு யாரோ கையால் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதைத் திரும்பப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுபடியும் ஆணை வருகிறதா என்று பார்க்க மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

ஆறு இருபதுக்கு அது இரைந்தது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மறுபடியும் இருட்டு.

நர்மதா யோசித்தாள். டிரைவர் புதுசு. கேபிளிலும் கோளாறு இல்லை. அப்படியானால் படம் வராமல் இல்லை. யாரோ வேண்டுமென்றே மறைக்கிறார்கள். அந்த மறைப்பை நீக்க, கீபோர்டில் மூன்று பட்டன்களை ஒன்றாக அழுத்தினாள்.

இருட்டு விலகியது. கேமரா படம்பிடித்த அவர்கள் மூன்று பேரின் முகங்களும் திரையில் தெரிந்தன. மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் எழுத்து: வெளியிலிருந்து ஒருவர் இணைந்திருக்கிறார்.

“ஐயா, இது தானா எழுந்துக்கல. எங்கியோ வேற கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு ஒரு ஆளு இத எழுப்புறாரு. கேமரா வழியா தெனமும் உங்களப் பாத்துக்கினு இருக்காரு.”

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. மனைவியைத் தள்ளிவிட்டுத் திரை முன்னால் போய் நின்றார்.

“எவன்டா நீ? செத்துப்போன புள்ளைய வெச்சி வெளையாடுறியா?”

ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நான் சாவலப்பா.”