ஆடிட் இல்லாத நாளில்

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பூபாலன், "மாஸ்டர், ஆடிட்டுங்க" என்று கத்தினான்.

கட்டிங் செக்‌ஷன் மொத்தமும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தது. மாஸ்க் முகத்துக்கு ஏறியது. துணி வெட்டும் கத்தி படாமல் விரலைக் காக்கும் இரும்புக் கையுறைகள் ஆணியிலிருந்து கைக்கு வந்தன. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிச் சோதிக்கும் நாளில் மட்டும்தான் கையுறைக்கு வேலை.

"யாருடா வந்திருக்கறது?" என்றார் கட்டிங் மாஸ்டர் ஆறுமுகசாமி.

"யாரையும் காணமுங்க. ஆனா நம்ம குதிரைக்காரரு இசக்கிமுத்து ஹெல்மெட் போட்டிருக்காருங்க. ஆடிட் இல்லாம யாராச்சும் அதையெல்லாம் போடுவாங்களா?"

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் முதலாளி சிவராஜ் வளர்க்கும் பெண்குதிரை பவளம் நின்றிருந்தது. தினமும் காலையில் நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் நின்று, அதை வட்டமாக ஓடவிடுவது இசக்கிமுத்துவின் வேலை. நேற்று வரைக்கும் தலையில் துண்டு, வெறுங்கை, வெறுங்கால். இன்று ஹெல்மெட், தடித்த கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். எல்லாம் முதலாளி எப்போதோ வாங்கிக் கொடுத்து, லாயத்தில் தூசி படிந்து கிடந்தவை.

"ஏனுங்க இசக்கி, குதிரை வட்டம் சுத்தப் போகுதுங்களா, இல்ல வானத்துக்கே கெளம்பீருச்சுங்களா?" என்றார் ஆறுமுகசாமி.

இசக்கிமுத்து சிரித்தார். "பயமா இருக்குல்லா அண்ணாச்சி."

அவ்வளவுதான். செக்‌ஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கையுறைகள் மறுபடியும் ஆணிக்குப் போயின.

பயம் என்ற பேச்சே ஆறுமுகசாமிக்கு ஆகாது. இத்தனை வருஷமாக வெறுங்கையில் துணியைப் பிடித்து, கத்தி மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். டீக்கடையில்கூடப் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவார். அதைவிடப் பெரிய பெருமை, மகள் அன்புசெல்வி. அந்தக் கம்பெனியில் கட்டிங் மெஷினைப் பிடித்த முதல் பெண் அவள்தான்.

முந்தின நாள்தான் அவள் மெஷினுக்கு வந்திருந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கையுறையை எடுத்து மாட்டினாள். "மாஸ்டர் மகளுக்கே கத்தின்னா பயமாக்கும்" என்று பூபாலன் ஆரம்பித்து வைக்க, ஒரே சிரிப்பு. வெளியே குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இசக்கிமுத்துகூட, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

ஆறுமுகசாமிக்கு மானம் போய்விட்டது.

"எம்பட புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு? கழட்டிப் போடு."

அவள் கழற்றினாள். முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. அதன் பிறகு அவர் கடைசி டேபிளில் இருந்த மகள் பக்கம் போகவே இல்லை. மாஸ்டர் மகள் வெட்டுவதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்பது அவர் எண்ணம்.

இசக்கிமுத்து ஹெல்மெட் போட்ட பிறகு தினமும் காலையில் ஜன்னலில் கூட்டம்தான். டீ வேளையிலும் அவர் கதைதான். "கொசு கடிச்சாலும் ஹெல்மெட்டோடதான் சொறிவாரு" என்று புதிது புதிதாகக் கட்டிவிட்டார்கள். மனுஷன் எதற்கும் கோபப்படவில்லை.

ஒரு நாள் காலையிலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்த பவளம் மிரண்டு வட்டத்துக்குள் பாய்ந்து, இசக்கிமுத்துவுக்குப் பக்கத்தில் துள்ளிப் பின்னங்காலை வீசியது. குளம்பு ஹெல்மெட்டில் அடித்த சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. அவர் விழுந்தார். கயிறு அவர் கைக்குள் சரசரவென்று உருவிக்கொண்டு ஓடியது.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் ஆறுமுகசாமிதான்.

ஹெல்மெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கையுறையின் உள்ளங்கைப் பக்கம் பிய்ந்து தொங்கியது. ஆறுமுகசாமி அதை மெல்ல உருவிவிட்டு, உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மொதல்ல பவளத்தைப் பிடிக்கச் சொல்லுங்க" என்று எழுந்து உட்கார்ந்தார் இசக்கிமுத்து.

ஆறுமுகசாமிக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, கத்திக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் மகளின் இடது கைதான் கண்ணில் நின்றது. போட்டிருந்ததைக் கழற்றச் சொன்னதே தான்தானே என்று நினைத்ததும் வேகமாக உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் ஆணியிலிருந்து தன் கையுறையை எடுத்து மாட்டினார்.

"ஆடிட்டுங்களா மாஸ்டர்?" என்றான் பூபாலன்.

"இல்ல. நானாத்தான் போடறேன். நீயும் போடு."

அவ்வளவு பேர் முன்னிலையில் கையுறையோடு கடைசி டேபிளுக்கு நடந்தார். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"கண்ணு, அன்னைக்கு அப்பா சொன்னது தப்பு. நீயும் இதைப்..."

பேச்சு பாதியில் நின்றது. அன்புசெல்வியின் இடது கையில் இரும்புக் கையுறை மின்னிக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து கண்ணு?"

"இசக்கி அண்ணன் ஹெல்மெட் போட்ட நாள்ல இருந்துங்கப்பா."

"யாரும் சிரிக்கலையா?"

"பாத்தாங்க. ஆனா சிரிக்கலீங்க. எல்லாரும் அண்ணனைப் பாத்துத்தானே சிரிச்சுட்டு இருந்தீங்க."

ஆறுமுகசாமி ஜன்னலைப் பார்த்தார். வெளியே இசக்கிமுத்து, விரிசல் விட்ட ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு பவளத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்தானுங்க அன்னைக்கு ஹெல்மெட்டை மாட்டிட்டே சொன்னாரு," என்றாள் அவள். "'இவங்களுக்குச் சிரிக்க ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன், நீ கையுறையைப் போடு தாயி'ன்னு."