முன்சில்லின் கீழ்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடை. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பயணம் புறப்படும்போது, காரின் முன்சில்லுக்குக் கீழே குங்குமம் தடவிய தேசிக்காய் ஒன்றை வைத்தேன். என் கணவர் குகதாசன் சிரித்தபடி அதன் மேல் காரை ஏற்றினார். நசிந்த தோல் வீதியில் கிடந்தது.

கென்ற்றில் குன்றெல்லாம் நடந்தோம். மாலையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வைன் ருசித்துவிட்டு, சரிவில் நிறுத்திய காருக்குச் சற்றுத் தள்ளி, கீழ்ப்புறமாகக் கூடாரம் அடித்துப் படுத்தோம்.

விடிந்து பார்த்தால், கார் எங்கள் தலைமாட்டில் நின்றது.

"ஐயோ, ஹான்ட்பிரேக் போட மறந்திட்டனப்பா!" என்றார் அவர்.

குனிந்து பார்த்தேன். முன்சில்லை ஒரு முழுத் தேசிக்காய் தாங்கியிருந்தது. அதில் நான் தடவிய குங்குமம்.

அவர் கை நீட்டினார்.

"தொடாதேங்கோ. முதல்ல பிரேக்கைப் போடுங்கோ."

அவர் ஏறிப் பிரேக்கை இழுத்தார். நான் கைகூப்பினேன். அதன் பிறகுதான் தேசிக்காய் நசிந்தது.