கோணல் சிரிப்பு

ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் மகள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மொட்டைத் தலையில் விளக்கு வெளிச்சம் வழுக்கியது.

பள்ளி அடையாள அட்டைக்குப் போட்டோ. திங்கட்கிழமை முதல் மறுபடியும் வகுப்புக்குப் போகிறாள். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் முடிதான் போனது, பேச்சு குறையவில்லை. காலையிலிருந்து அப்பாவின் ஸ்டூடியோவை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

சிரி என்றார் அப்பா.

வலது உதடு காதுவரை போனது. இடது உதடு நான் வரமாட்டேன் என்று தொங்கியபடியே நின்றது.

காய்ச்சலுக்கும் முன்னால் நோய் தலைகாட்டிய இடம் அதுதான். முக நரம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது, அபூர்வம்தான், ஆனால் நடக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிள்ளையின் சித்தி கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அத்தான், உங்களுக்கு இது ஒரு வேலையா? முடிய வச்சு, வாய நேராக்கிவிட்டுடுங்க. பசங்க கேலி பண்ணியே கொன்னுடுவாங்க.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஊரில் பாதிப் பேரின் பருவையும் தூக்கக் கண்ணையும் சரிசெய்தே சோறு தின்கிற கை.

“ஒரு புள்ளியக்கூடத் தொட மாட்டேன். பாக்கறவங்க பாக்கட்டும்.”

பெற்ற பிள்ளை விஷயத்திலா வீம்பு என்று சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அட்டைக்கு ஒன்று போதும். அவர் அதையே பெரிதாகவும் அச்செடுத்து, வாசல் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். அங்கே மகளின் பிறந்தநாள் படம் நேராகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதை உருவி எறிந்துவிட்டு மொட்டைத் தலையையும் கோணல் சிரிப்பையும் மாட்டினார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். இவரும் விடாமல் பார்த்தார். போனவர்தான் கண்ணைத் தாழ்த்தினார். மகளுக்கு ஒரே குஷி, கடைக்கு உள்ளிருந்து கண்ணாடி வழியாக அந்த ஆளுக்கு நாக்கை நீட்டினாள்.

எறிந்த படத்தைத்தான், வாய் கோணியபோது முதலில் பார்த்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தார், பிறந்தநாளுக்கு நன்றாகத்தானே இருந்தாள் என்று. அப்படியானால் இப்போது வந்ததுதான், குளிர்காற்று பட்டிருக்கும், தானாகச் சரியாகும் என்று ரத்தம்கூடச் சோதிக்காமல் அவர் அனுப்பிவிட்டார்.

பிறந்தநாளன்றே அந்த உதடு தொங்கத் தொடங்கியிருந்தது. படத்தில் சிரிப்பு சரியாக விழவில்லை என்று, பழக்கதோஷத்தில், அதை இழுத்து நேராக்கியது இதே கைதான்.