இன்னொரு பாட்டு

கிட்ட வந்து உட்காருங்க. காது கேட்காத ஒருத்தி பாட்டு கேட்கப் போன கதை இது. தூரத்திலிருந்து சொன்னால் சரிப்படாது.

சென்னம்மாவுக்குச் சொந்த ஊர் பேரிகை. ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறாள். இரும்புத் தகட்டின் மேல் மெஷின் விழுகிற சத்தம் அவள் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. முகத்துக்கு நேரே நின்று பேசினால், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

அவள் தஞ்சாவூர் டூருக்குப் பேர் கொடுத்ததே ராஜசேகருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியில் அவன் சேஃப்டி சூப்பர்வைசர். டூருக்கும் அவன்தான் பொறுப்பு. ஒரே நாளில் ஏழு இடம். மதியம் ரெண்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து திரும்பக் கிளம்பணும். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நாற்பது பேரும் கேட்டுக்குள் இருக்கணும். மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

ராத்திரி பூராவும் ஓடி, பஸ் காலையில் தஞ்சாவூர் வந்து நின்றது. ராஜசேகருக்கு இடுப்பு விட்டுப்போச்சு.

"பாய், டீசல் போட்டுட்டு வந்து இங்கயே நில்லுங்க. முப்பது நிமிஷம், வந்துடுவோம்."

"சரி சார்" என்றார் டிரைவர் சாந்த் பாஷா, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே.

பெரிய கோயிலைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததுமே முதல் கோளாறு.

"என் செருப்பைக் காணோம்!" என்றாள் சென்னம்மா.

"டோக்கன் எங்கக்கா?" என்றான் ராஜசேகர்.

"டோக்கன் வாங்கலியே சார். ஓரமா விட்டேன். என் மவ எடுத்துக் குடுத்த செருப்பு சார் அது!"

நாற்பது பேரும் குனிந்து குனிந்து தேடினார்கள். ஒரு மணி நேரம் போச்சு.

"புதுசு வாங்கிக்கலாம் வாக்கா" என்று பக்கத்து மெஷின் மாதேஸ்வரி இழுத்துக்கொண்டு போனாள். நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஒண்ணு கடிக்குதாம். ஒண்ணு வழுக்குதாம். இன்னொரு மணி நேரம் போச்சு. கடைசியில் வெறுங்காலோடே வந்து நின்றாள்.

ராஜசேகர் பஸ்ஸைக் கூப்பிட போனை எடுத்தான்.

"பஸ் வந்து திரும்பறதுக்குள்ள நடந்தே போயிடலாம் சார். அரண்மனை பக்கம்தானே" என்று சென்னம்மா முன்னால் நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் அவள் கால் மாற்றி மாற்றிக் குதித்தது.

அரண்மனையில் சங்கீத மகால். "இங்க மெல்லப் பாடினாலும் கடைசி மூலை வரைக்கும் கேட்கும்" என்றார் கைடு.

"அப்படியா? பாடுங்க, நான் அந்த மூலையில நின்னு பாக்கறேன்" என்றாள் சென்னம்மா. ஒரு மூலை முடிந்தது. அடுத்த மூலை. அப்புறம் அதற்கடுத்தது.

"உனக்கு சங்கு ஊதினாலே கேக்காது. மூலையில என்னாக்கா கேக்கப்போவுது?" என்றாள் மாதேஸ்வரி.

"என்னது?" என்றாள் சென்னம்மா.

சாப்பாடு முடிந்து, நடக்கிற தூரத்திலேயே வீணைப் பட்டறை. அங்கே ஒருத்தர் வந்தவர்களுக்காக ஒரு பாட்டு வாசித்துக் காட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். சென்னம்மா எழவில்லை.

"இன்னொரு பாட்டு சாமி."

வாசித்தார்.

"இன்னொண்ணு."

ராஜசேகர் அவள் முன்னால் போய் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். வாயைத் திறந்தான். சென்னம்மா டக்கென்று கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினவளிடம் அவன் என்ன பேசுவான்? அவள் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்.

வெளியே வரும்போது மணி அஞ்சு. நாலு இடம் பார்க்காமலே போச்சு.

"உங்களால நாற்பது பேர் நாளும் வீணாப்போச்சுக்கா! இனிமே எந்த டூருக்கும் பேர் குடுக்காதீங்க!" நடுத்தெருவில் கத்தினான் ராஜசேகர். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறினால், கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் சாந்த் பாஷா. தட்டினதும் பதறி எழுந்தார்.

"மன்னிச்சிருங்க சார். ஒரு கல்யாண டிரிப் முடிச்ச கையோட இதை எடுத்தேன். ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. மாத்து டிரைவர் வருவாருன்னு ஓனர் சொன்னாரு, வரலை. முடியாதுன்னா அடுத்த டிரிப் குடுக்கமாட்டாரு. இப்ப ஆறு மணி நேரம் தூங்கிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குள்ள ஓசூர்ல இறக்கி விட்டுடறேன்."

"ஆறு மணி நேரமா?"

"இந்த அக்காதான் சார். காலையில இறங்கும்போது, 'டீசல் போட்டுட்டுப் படு. இவங்களை நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போச்சு."

ராஜசேகர் திரும்பினான். டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள் சென்னம்மா.

"ராத்திரி பஸ்ல நீங்கள்லாம் பாட்டு கேட்டுக்கிட்டு வந்தீங்க சார். எனக்குத்தான் கேக்காதே. கண்ணாடியில அவரு கண்ணையே பாத்துக்கிட்டு வந்தேன். நாமக்கல் தாண்டி மூணு வாட்டி மூடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா..."

"சொன்னா ஓனருக்குப் போன் போட்டிருப்பீங்க. அவரு பொழப்பு போயிருக்கும். கண்ணு சொருகினா சிவப்பு பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்துன்னு தினம் காலையில நீங்கதானே சார் சொல்றீங்க? பஸ்ல அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை."

ராஜசேகர் போய் உட்கார்ந்தான்.

பஸ் கிளம்பியது. சென்னம்மா கண்ணாடியில் பாஷாவின் கண்ணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மடியிலிருந்த பையைத் திறந்து, காணாமல்போன செருப்பு ரெண்டையும் எடுத்து, கொப்புளம் போட்ட காலில் மெல்ல மாட்டிக்கொண்டாள்.