பத்தாம் வருட பர்கர்

பர்கரை எண்ணெய் அண்ணனின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான் மேனேஜர்.

சுற்றிலும் பதினான்கு பேர் கைதட்டக் காத்திருந்தார்கள். ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தக் கடையில் பத்து வருடம் முடித்தவருக்கு இரட்டை பர்கர் ஒன்று செய்து கொடுப்பார்கள். வாய் கொள்ளாமல் ஒரு கடி கடிக்க வேண்டும். அதைப் படமெடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். தங்க மோதிரமா போடப் போகிறார்கள், இதாவது கிடைக்கிறதே என்று எல்லோரும் கடித்துவிடுவார்கள்.

எண்ணெய் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

உருளைக்கிழங்கும் கோழியும் பொரித்தெடுப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். பத்து வருடமும் மதியச் சாப்பாடு கடையிலேயே, ஓசியில். விடுவாரா மனிதர்? விற்காமல் ஆறிப்போன பர்கர், கூடையின் அடியில் தங்கிய கிழங்கு, கூடவே ஒரு பெரிய கோலா. அறுபது கிலோவோடு வேலைக்குச் சேர்ந்தவர் தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றார்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். ஈரல் முழுக்கக் கொழுப்பு. இருபத்தெட்டு சதவீதம். மூன்று மாதத்துக்குள் பத்துக்குக் கீழே இறங்காவிட்டால் உயிரைக் காப்பாற்ற முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கடைப் பண்டம் எதுவும் அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை. புது எண்ணெய் ஊற்றினால் முதல் கூடையை ருசி பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். மென்று பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் துப்பினார். ஐம்பது வயதில் அழகிப் போட்டிக்கா என்று கேலி செய்தார்கள். போங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கேரட்டைக் கடித்தார். இரண்டாம் கல்யாணத்துக்கா என்று ஒருவன் கேட்டபோது மட்டும் அவனை ஒரு முறை முறைத்தார்.

இப்போது எழுபத்தாறு கிலோ. மாலை நான்கு மணிக்கு மறுபடி ஸ்கேன்.

ஒரு கடியில் எதுவும் ஏறிவிடாது. அது அவருக்கும் தெரியும். பசி வேறு. உருகிய சீஸ் மணத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பாழாய்ப்போன நாக்கு. இந்தக் கடை நீட்டியதையெல்லாம் பத்து வருடம் ஈயென்று வாங்கிக்கொண்ட வாய் இது. இன்றைக்கு முடியாது என்றால் முடியாதுதான். எவன் நீட்டினாலும் சரி.

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒரே ஒரு கடிண்ணே. இதுக்குப் போய் செத்தா போயிடுவீங்க?"

எண்ணெய் அண்ணன் அவன் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"நான் சாக மாட்டேன் தம்பி."

ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப்போய் அவர் மனைவி படுத்திருந்தாள். சொந்தத்தில் வேறு யாருடைய ஈரலும் அவளுக்குப் பொருந்தவில்லை. இன்றைக்கு அந்த எண் பத்துக்குக் கீழே இருந்தால், வியாழக்கிழமை காலையில் அவருடையதில் பாதியை அறுத்து அவளுக்கு வைப்பார்கள்.