கல்யாணச் சேலை என்ன நிறம்?

மஸ்கட்டிலிருந்து போன் வந்தால், பனச்சமூடு ஜங்ஷன் கிருஷ்ணன்குட்டியின் பூத்திலிருந்து யாராவது ஓடிப்போய் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வருவார்கள். அவள் பேசுவதை, அங்கே காத்திருக்கும் அத்தனை பேரும் கூடவே கேட்பார்கள். அது பூத்து வழக்கம்.

அன்று லேகாவுக்கு அழைப்பு.

“லேகா, நான் ரதீஷாக்கும். ஏ.டி.எம். கார்டு எனக்க கையில உண்டு. அதுக்க ரகசிய நம்பரு தபால்ல வீட்டுக்கு வந்துதுல்லா? அத ஒண்ணு சொல்லு, அவசரம்.”

தொண்டை கட்டிய குரல். ரதீஷின் குரல்தானா என்று லேகாவுக்குச் சந்தேகம். கணவன் மஸ்கட் வெயிலில் காய்ந்து சேர்த்தது முழுவதும் அந்தக் கணக்கில்தான். போன வாரம்தான் பேங்க் மேனேஜர் எச்சரித்திருந்தார்: “நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. கார்டைத் திருடினவன் உங்க வீட்டுக்காரர் மாதிரியே பேசுவான்.”

ரிசீவரைப் பொத்திக்கொண்டு, பூத்தில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“கேள்வி கேளு பிள்ளே,” கிசுகிசுத்தார் கிருஷ்ணன்குட்டி. “கெட்டினவனுக்குத் தெரியாதது உண்டா?”

“நம்ம கல்யாணத்துக்கு நான் உடுத்த சேல என்ன நெறம்?”

“அது... பச்சையில்லியா?”

“பச்சையாம்!” என்று லேகா முணுமுணுக்க, வரிசையில் நின்ற சாராம்மா குதித்தாள். “செவப்பு! பந்தியில இருந்து உண்டவ நானாக்கும்.”

“எனக்க பொறந்த நாளு?”

“ஓணத்துக்கு முன்ன... இல்ல, பின்ன. எடி, நம்பரச் சொல்லு!”

அந்நேரம் போனுக்குள் ஒரு கண்டக்டரின் குரல்: “பாறசாலை, பாறசாலை!”

“எலே கள்ளா!” சீறினாள் லேகா. “மஸ்கட்டுல ஏதுலே நம்ம பாறசாலை பஸ்சு?”

ரிசீவரை அறைந்து வைத்தாள். அதே பூத்திலிருந்து பேங்குக்குப் பேசி, கார்டை முடக்க வைத்தாள். மேனேஜர் மனதாரப் பாராட்டினார். சாராம்மா தன் செலவில் சோடா உடைக்கச் சொன்னாள்.

“எனக்க மாப்பிளைன்னா, ஒறக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செவப்புன்னு சொல்லிப்போடுவாரு,” என்றாள் லேகா, சோடாவைக் குடித்தபடி.

சாயங்காலம், கூரைமேல் அட்டைப்பெட்டிகள் கட்டிய டாக்ஸி ஒன்று வீட்டு முன்னால் வந்து நிற்க, சொல்லாமல் வந்து பெண்டாட்டியை அசத்த நினைத்த அந்தக் கள்ளன், சாட்சாத் ரதீஷ், இறங்கியதும் இறங்காததுமாக அவளிடம் கேட்டது டாக்ஸிக் கூலி!